137.5 பாகை



டொரண்டோவில் இருக்கும் பேத்தி பள்ளிக்காக அனிமேஷன் படம் செய்கிறாள். அதில் வரும் கிறிஸ்துமஸ் மரம் தாத்தாவின் பொறுப்பு. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் கூம்பாகக் கிளைகளை அடுக்கினேன். அலங்காரப் பந்து ஒன்று செய்தால் போதும்; மற்றவை நகல்கள்.

அடுத்தடுத்த பந்தை 60 பாகை திருப்பி வைத்தால், மேலிருந்து கீழாக ஆறு வரிசைகள் பளிச்சென்று தெரியும். மரம் செயற்கையாகிவிடும். 137.5 பாகை திருப்பிக்கொண்டே இறங்கினால், ஒரு பந்துக்கு நேர் கீழே இன்னொன்று வராது. சூரியகாந்தி விதைகளின் அடுக்கிலும் இதே கோணம்தான்!

"கோணம் படிச்சு என்ன சார் ஆகப்போகுது?" என்ற கடைசி பெஞ்சுக்காரர்களே, பார்த்தீர்களா?

மூன்று வருடமாக அவர்களால் ஊருக்கு வர முடியவில்லை. நேற்று வீடியோ அழைப்பில், உச்சி நட்சத்திரத்தை மட்டும் அவளே வைத்தாள்.