வெள்ளைப் புள்ளி நோயின் பெயரல்ல



நீண்ட நாள் தலையிடிக்காக என் தங்கச்சிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையில் வெள்ளைப் புள்ளிகள், எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்) ஆக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. இரவோடிரவாகக் குடும்ப வாட்ஸ்அப்பில் நோய் உறுதியாகிவிட்டது. உம்மா சாப்பிடவேயில்லை.

கண்டியில் நாங்கள் காட்டிய நரம்பியல் டொக்டர் ரிப்போர்ட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவளிடம் கதை கேட்டார். ஒரு கண் வலித்துப் பார்வை மங்கியதா? கை கால் நாட்கணக்கில் விறைத்திருந்ததா? இரண்டும் இல்லை. பிறகுதான் படத்தைப் பார்த்தார்.

பிள்ளைகளுக்குத் தேசப்படம் படிப்பிக்கும் எனக்கு அவர் சொன்னது உடனே விளங்கியது. புள்ளி இருக்கிறதா என்பதல்ல, எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பதே கேள்வி. எம்.எஸ். புள்ளிகள் பெரும்பாலும் மூளையின் நடுவிலுள்ள நீரறைகளை ஒட்டி, முட்டை வடிவில், அவற்றுக்குச் செங்குத்தாக நிற்கும். மூளையின் மேற்பட்டையை ஒட்டியும், மூளைத்தண்டிலும், முண்ணாணிலும் வரும். விசேட ஸ்கேனில் பல புள்ளிகளின் நடுவே மெல்லிய நாளமொன்று தெரியும். மைக்ரேன், பிரஷர், வயது காரணமாக வருபவை பொதுவாகச் சிறிதாக, அங்குமிங்கும் சிதறியிருக்கும். தங்கச்சிக்கு இருந்தது மைக்ரேன். அல்ஹம்துலில்லாஹ்.

பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். என்.எம்.ஓ. என்ற நோயும் கண் நரம்பையும் முண்ணாணையும் தாக்கும். நெடுங்காலம் அதை எம்.எஸ்.ஸின் ஒரு வகை என்றே பலர் நினைத்தார்கள். 2004இல் அதற்குரிய பிறபொருளெதிரி கண்டுபிடிக்கப்பட்ட பின்பே அது வேறு நோய் என்பது தெளிவானது. முண்ணாணில் அதன் பாதிப்பு பெரும்பாலும் மூன்று முள்ளெலும்புகளின் நீளத்துக்கோ அதற்கு மேலோ போகும். எம்.எஸ். மருந்துகள் சில அந்த நோயை இன்னும் மோசமாக்கும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. லொஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு பெரிய மருத்துவ நிலையங்களுக்கு எம்.எஸ். என்று வந்த 241 பேரில் 43 பேருக்கு அந்த நோயே இல்லை என 2019இல் வெளியான ஆய்வு சொன்னது. தவறாகப் பெயர் சூட்டப்பட்ட நோய்களில் மைக்ரேனும் முன்வரிசையில் இருந்தது.

ஆகவே, கிளினிக் போகும்போது ரிப்போர்ட் கடதாசியை மட்டுமல்ல, ஸ்கேன் படங்களையும் சீடியையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய படங்களை வீசாதீர்கள். புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று ஒப்பிட அவை வேண்டும். என்ன வருத்தம், எப்போது வந்து எத்தனை நாள் இருந்தது என்று எழுதி வையுங்கள். உண்மையிலேயே எம்.எஸ். என்றால் மருந்தை நேரத்தோடு தொடங்குவது நல்லது, அலட்சியமும் வேண்டாம்.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக.