ஆய்வு நடந்த நேரம்

தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் காப்பகம் நடத்திவந்த சிறிய தொண்டு நிறுவனம் அது. 2011-இல் அதற்கு ஒரு நோட்டீஸ் வந்தது. திடீர் ஆய்வின்போது காப்பகம் பூட்டிக் கிடந்ததாம். ஆகவே பதிவேட்டில் இருக்கும் 25 குழந்தைகளும் போலிப் பெயர்களாம். ஓராண்டு மானியத்தொகை 42,384 ரூபாயை 15 நாட்களுக்குள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், அடுத்த தவணையும் கிடையாது. விளக்கம் கேட்டு முன்னதாக ஒரு கடிதம்கூட வரவில்லை.

இந்தத் தொகை எப்படி வந்தது என்று சொன்னால்தான் வழக்கின் கனம் புரியும். ராஜீவ் காந்தி தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் 2006-இல் தொடங்கியது. வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. ஒரு மையத்துக்கு இரண்டு பணியாளர்கள், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம். ஒரு குழந்தையின் சத்துணவுக்கு நாளொன்றுக்கு 2 ரூபாய் 8 காசு. 25 குழந்தைகள், 26 நாட்கள் என்று பெருக்கினால் 1,352 ரூபாய். மருந்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 350. உணவுக்கும் மருந்துக்கும் ஆகும் செலவில் 90 சதவீதத்தை அரசு தந்தது, மீதியை நிறுவனம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கூட்டிக் கழித்தால் அரசிடமிருந்து மாதம் 3,532 ரூபாய். இதில் யாரும் மாளிகை கட்டிவிட முடியாது. ஆனால் இதில் ஒரு ரூபாய் திருடுபோனாலும் அது ஒரு குழந்தையின் வாயிலிருந்து போவதுதான். அதனால் கண்காணிப்பு கூடாது என்று நான் ஒருநாளும் வாதாடியதில்லை.

நிறுவனத்தின் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வழக்கறிஞரான என்னைப் பார்க்க வந்தபோது, கூடவே காப்பகப் பணியாளர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். பூட்டிக் கிடந்தது உண்மையா என்று கேட்டேன். அந்தப் பெண் தயங்காமல், "ஆமா சார், மத்தியானம் பூட்டித்தான் கெடக்கும். அளத்து வேலைக்காரங்க விடியுமுன்ன நாலரைக்கே புள்ளைய விட்டுட்டுப் போயிருவாங்க. வெயில் ஏறுனா பாத்தியில நிக்க முடியாதுல்ல? பன்னெண்டு, பன்னெண்டரைக்குத் திரும்பி வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் யாருக்குத் தொறந்து வைக்க?" என்றார்.

வழக்கே இதுதான். ஒன்பதிலிருந்து ஐந்து என்று அச்சடித்த நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதிகாரி வந்திருக்கிறார். தாய்மாரின் வேலை நேரத்துக்குத் தக்கபடி காப்பக நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் திட்ட விதிகளில் இருந்தது. அந்த வரியை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஆனால் அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதை நிரூபிப்பது எப்படி? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆய்வறிக்கையின் நகலை வாங்கினோம். அரைப் பக்கம். தேதி இருந்தது, நேரம் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரிடமும் விசாரித்ததாக ஒரு சொல் இல்லை. இளம் வழக்கறிஞர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது உண்டு: அதிகாரி எழுதாமல் விட்டதை அவருடைய ஜீப் எழுதிவைத்திருக்கும். இரண்டாவது மனுவில் அன்றைய வாகன லாக் புக் பக்கத்தைக் கேட்டோம். ஓட்டுநரின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: புறப்பாடு பிற்பகல் 2.15, ஊர் பெயர், சேர்ந்த நேரம் 2.50. கிலோமீட்டர் கணக்கும் சரியாக இருந்தது.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். மானியம் அரசு மனமுவந்து தருவது, அதை உரிமையாகக் கோர முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. மானியம் உரிமையில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒருவரைத் திருடர் என்று முத்திரை குத்தும் முன் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்பது என் வாதம். அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு மானியம் வாங்குபவருக்கும் பொருந்தும்.

அதற்குள் எதிர்த்தரப்பின் பதில் மனுவில் புதுக் குற்றச்சாட்டுகள் முளைத்திருந்தன. வழக்கு வந்த பிறகு பதிவேடுகளை வரவழைத்துப் புரட்டியிருக்கிறார்கள். குழந்தைகளின் எடைப் பதிவேடு நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஓர் உத்தரவு நிற்பதும் விழுவதும் அதில் சொன்ன காரணங்களைப் பொறுத்தே, பிறகு பிரமாண வாக்குமூலத்தில் புதுக் காரணம் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. அதைக் காட்டி அந்தப் பேச்சையே அடைத்திருக்கலாம்.

ஆனால் அந்தப் பதிவேட்டை நான் பார்த்திருந்தேன். ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்குத் தொடர்ந்து மூன்று மாதமும் 8.2 கிலோ. அடுத்த வரியில் இருந்த பையனுக்கும் அப்படியே. ஒரே மை, ஒரே மூச்சில் எழுதியது. கேட்டபோது அந்தப் பணியாளர் அழுதுவிட்டார். "தராசு ஒடஞ்சு போச்சு சார். கட்டம் காலியா கெடந்தா மானியம் நின்னுரும்னு பழைய கணக்கையே போட்டுட்டேன்."

பூட்டிய கதவைவிட எனக்கு இதுதான் பெரிய குற்றமாகப்பட்டது. அந்த வயதில் மூன்று மாதம் எடை ஏறாவிட்டால் அது ஆபத்தின் அறிகுறி. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பதிவேடே இருக்கிறது. கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் தராசு இல்லை என்றாவது தெரிந்திருக்கும். கூடுதல் பிரமாண வாக்குமூலத்தில் இதை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். வழக்கு தோற்றுவிடுமோ என்று ஆசிரியை பயந்தார். இருந்தும் ஓர் இரவு யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவரிடம் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

நீதிபதி லாக் புக் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குழந்தைகள் இருக்கும் நேரத்தில் யாராவது போய்ப் பார்த்தீர்களா?" என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பில் பதில் இல்லை. வசூல் உத்தரவு ரத்தானது. உப்பு வாரும் பருவத்தில், ஒரு வேலை நாளில், காலை 6 மணிக்கும் 10 மணிக்கும் இடையே மறு ஆய்வு செய்ய வேண்டும், வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுத வேண்டும், நகலை அங்கேயே தர வேண்டும் என்று உத்தரவானது. எடை விஷயத்தை நீதிமன்றம் விட்டுவிடவில்லை. நிறுவனம் தன் செலவில் தராசு வாங்கி, கிராம சுகாதாரச் செவிலியர் முன்னிலையில் எல்லாக் குழந்தைகளையும் எடை போட வேண்டும் என்றது.

பருவம் முக்கியம். வடகிழக்கு மழையில் அளங்களில் வேலை நின்றுவிடும், தாய்மார் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளும் வரமாட்டார்கள். ஐப்பசியில் போய் எண்ணினால் எந்த நல்ல காப்பகமும் போலியாகத்தான் தெரியும்.

மறு ஆய்வில் 22 குழந்தைகள் இருந்தார்கள். எடை போட்டதில் இரண்டு பேர் வயதுக்கு மிகக் குறைவு என்று தெரிந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி அந்த 8.2 கிலோக் குழந்தை. மானியம் வந்துசேர மேலும் சில மாதங்கள் பிடித்தன. அதற்குள் சம்பளமில்லாமல் தாக்குப்பிடிக்க முடியாத இன்னொரு பணியாளர் அளத்து வேலைக்கே போய்விட்டார்.

அந்தத் திட்டம் 2017-இல் மாநிலங்களின் கைக்கு வந்தது, 2022 முதல் 'பால்னா' என்ற பெயரில் நடக்கிறது. மையம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கு யார் வந்தாலும் வந்த நேரத்தை எழுதச் சொல்லி, அறிக்கையின் நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர்த் தாய்மாரின் வேலை நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். தராசு உடைந்தால் உடைந்தது என்று பதிவேட்டில் எழுதுங்கள்.