72 பேர்

பாரிஸ்ல இன்டர்ன்ஷிப்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ஈபிள் டவர் போட்டோ எப்போ போடுவ?" லேப், ரூம், மறுபடி லேப்னு மூணு வாரம் ஓடிப்போச்சு. ஜூன் மாசத்துல ஒரு சனிக்கிழமைதான் நேரம் கிடைச்சது.

கூட வந்தது எங்க லேப்ல பிஎச்டி பண்ற ஒரு அக்கா, மதுரைக்காரங்க. "மெட்ரோ கிடையாது, முழுக்க நடைதான்"னு கண்டிஷன் போட்டாங்க. 2019-ல தீப்பிடிச்சு, 2024 டிசம்பர்ல மறுபடி திறந்த நோத்ர் தாம் தேவாலயத்துல ஆரம்பிச்சோம். வரிசையோட நீளத்தைப் பார்த்து, வெளியில நின்னே கும்பிட்டுட்டுக் கிளம்பியாச்சு.

அங்கிருந்து மேடேறினா பாந்தியோன். 1851-ல ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுத்துறதை ஜனங்களுக்குக் காட்டின இடம். அதே மாதிரி ஒரு ஊசல் இப்பவும் அங்க இருக்கு. பாடத்துல ரெண்டு மார்க் கேள்வியா தாண்டிப் போனதை அங்க கால் மணி நேரம் அசையாம நின்னு பார்த்தேன்.

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல நடை. ஷூ கடிக்க ஆரம்பிச்சப்போ டவர் அடிக்கு வந்து சேர்ந்தோம். அண்ணாந்து பாருங்க: முதல் தளத்துக்குக் கீழே நாலு பக்கமும் தங்க நிறத்துல பேர்கள். பக்கத்துக்கு 18, மொத்தம் 72. ஃபூரியே, நேவியே, லாப்லாஸ், பாய்சான்... நமக்கு அரியர் வெச்ச அத்தனை பேரும் அங்கதான் இருக்காங்க!

நான் சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுக்க, அக்கா கேட்டாங்க: "1889-ல டவர் திறந்தப்போ இருந்த லிஸ்ட் இது. இதுல ஒரு பொண்ணு பேராவது இருக்கா?"

இல்லை.

இதே ஊர்ல பிறந்தவங்க சோஃபி ஜெர்மெய்ன். பொண்ணுங்களுக்குக் கல்லூரியில இடம் இல்லாத காலம். 'லெ பிளாங்க்'னு ஒரு ஆண் பேர்ல லக்ராஞ்சுக்குப் பேப்பர் அனுப்பினாங்க. தகடுகள் எப்படி அதிருதுங்கிற கணக்குக்கு 1816-ல அகாடமி பரிசும் வாங்கினாங்க. இரும்பு டவருக்கு எலாஸ்டிசிட்டி எவ்வளவு முக்கியம்னு நமக்குத் தெரியும். ஆனா அவங்க பேர் மட்டும் அந்த லிஸ்ட்ல இல்ல.

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. காரணம் இருக்கு.

சாயங்காலம் ஆத்தோரம் உட்கார்ந்தோம். சூப்பர் மார்க்கெட்ல வாங்கின ரெட் வைன், காகிதக் கப். கார்க்கைத் திறக்க வழி தெரியாம ரெண்டு இன்ஜினியருங்க முழிச்சு, கடைசியில பக்கத்துக் கும்பல்ல திருகாணி கடன் வாங்கினோம். எனக்கு முதல் வைன். நாவல்பழம் தின்ன மாதிரி நாக்கு இழுத்துச்சு.

அப்போதான் சொன்னேன்: போன செமஸ்டர் ப்ராஜெக்ட்ல வைப்ரேஷன் அனாலிசிஸ் முழுக்க நான் பண்ணது. போஸ்டர்ல மூணு பசங்க பேர் இருந்துச்சு, என் பேர் இல்ல. "மறந்துட்டோம்"னாங்க.

"நீ கேட்டியா?"

"பரவால்லைன்னு சொல்லிட்டேன்க்கா."

அக்கா ஒண்ணும் சொல்லல. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகல.

ரூமுக்கு வந்ததும் டீம் குரூப்ல போட்டேன்: "ரிப்போர்ட்ல என் பேர் வரணும். போஸ்டரையும் மாத்தி ஒட்டுங்க." வைன் குடுத்த தைரியம்னு நினைக்காதீங்க, குடிச்சது அரை கப்தான். காலையில ஒருத்தன் 'சாரி' போட்டிருந்தான். இன்னொருத்தன் பார்த்துட்டு, பதிலே போடல. ரிப்போர்ட்ல இப்போ என் பேர் இருக்கு.

உங்க டிபார்ட்மென்ட் காரிடார்லயும் போஸ்டர் ஒட்டியிருக்கும். அடுத்த தடவை தாண்டிப் போறப்போ, பேர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க.