புதுப்பேட்டை போகும் வயசு!

சென்னையில் கார் வாங்க வேண்டுமானால் அண்ணா சாலை. விற்க வேண்டுமானால் மொபைல் ஆப். காருக்குக் காரியம் செய்ய வேண்டுமானால், சந்தேகமே இல்லை, புதுப்பேட்டைதான்!

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். ரோட்டுக்கு இன்றைய பெயர் ஆதித்தனார் சாலை. ஆனால் 'ஹாரிஸ் ரோடு' என்றால்தான் பழைய ஆட்டோக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். வெறுமனே 'புதுப்பேட்டை' என்றால், "எந்த வண்டிக்கு சார்? என்ன ஸ்பேரு?" என்று அவரே விசாரிப்பார்.

நுழைந்ததும் கண்ணில் படுவது தரை. தார் ரோடா, மண் ரோடா என்று கண்டுபிடிக்க முடியாதபடி இன்ஜின் ஆயில் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன தரை. அடுத்தது கதவுகள். நீலம், வெள்ளை, சிவப்பு என்று ஆள் உயரத்துக்கு மேல், அப்பளக் கட்டு மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கடையில் ஹெட்லைட் மட்டும். நூறு கண்கள் உங்களையே முறைக்கும். அடுத்த கடையில் வெறும் ஸ்டீயரிங். ஒரு பையன் காரின் பானெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "வழி சார், வழி..." என்று பூக்கூடை மாதிரி தூக்கிப் போகிறான்.

'காலையில் களவு போன சைடு மிரரை சாயந்திரம் இங்கே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்' என்பது ஊரில் பழைய ஜோக். கடைக்காரர்களிடம் சொல்லிப் பார்க்காதீர்கள். கையில் எப்போதும் ஸ்பானர் வைத்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கூவத்தைத் தாண்டி அண்ணா சாலைக்குப் போனால் சிம்ப்சன் கம்பெனி. 1840-ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்தவர்கள். அந்தக் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி மெட்ராஸில் ஓட்டிக் காட்டினார். பிறகு ஸ்டாண்டர்டு கார்கள், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய், மறைமலை நகரில் ஃபோர்டு என்று கார்களைப் பெற்றுப்போட்டுக்கொண்டே இருந்த ஊர் இது. பெற்றதைப் பிரித்துப் பங்கு போடுகிற இடம் புதுப்பேட்டை.

நான் அங்கே போனது மாமனாருடன்.

மாமனார் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 2006-ல் வாங்கிய சின்ன வெள்ளைக் கார் ஒன்று வைத்திருக்கிறார். (கம்பெனி பெயர் வேண்டாம். காருக்கே தர்மசங்கடமாக இருக்கும்.) அந்தக் காருக்கென்று ஒரு நோட்டு. பஞ்சர் ஒட்டிய ஐம்பது ரூபாயிலிருந்து கிளட்ச் பிளேட் வரை எல்லாம் தேதிவாரியாக அதில் உண்டு.

போன மார்கழியில் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு மாமியாருக்கு மூச்சு இறைப்பு. மாமனார் சாவியைத் திருப்பினார். 'டக்!' அவ்வளவுதான். இன்னொரு தடவை. 'டக்!' கடைசியில் எதிர்வீட்டு ஆட்டோதான் கொண்டுபோய்ச் சேர்த்தது. மாமியார் நலமாகத் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அவர் அந்தக் காரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே... கடன் வாங்கிவிட்டுத் தலைமறைவான உறவுக்காரரைப் பார்க்கிற பார்வை!

மெக்கானிக் ஏதோ செய்து ஓட வைத்தார். "ஸ்டார்ட்டர் மோட்டார் மாத்தணும் சார். புதுப்பேட்டையில கிடைக்கும்" என்றார். அந்தக் காரிலேயே கிளம்பினோம். வழியெல்லாம் விவாதம்: மாற்ற வேண்டியது ஸ்டார்ட்டரையா, காரையா?

"15 வருஷம் ஆனா வண்டியைத் தூக்கிடணும், சட்டம் சார்" என்று எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் சத்தியம் செய்கிறார். அது டெல்லிக் கதை. டெல்லி வட்டாரத்தில் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. 2025-ல் அது மறுபடி கோர்ட் ஏறியது. நம் ஊரில் அப்படியில்லை. 15 வருஷம் முடிந்ததும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். என்ன, மொய் கூடிவிட்டது. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000. இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000.

"வருஷத்துக்குப் பாத்தா ரெண்டாயிரம் ரூபா மாப்ளே. காபிக் காசு" என்றார் மாமனார்.

ஆனால், நோட்டைக் காட்டி அவர் சொன்ன இன்னொரு வாதத்தை பி.காம். படித்த என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "இதுவரைக்கும் நாலு லட்சத்துக்கு மேல செலவு பண்ணியிருக்கேன். இப்ப விட்டா அவ்வளவும் போச்சே?"

விட்டாலும் விடாவிட்டாலும் அது போனதுதான். கோயில் உண்டியலில் போட்ட பணம் மாதிரி. திரும்ப எடுக்கவும் முடியாது, அடுத்த மாச பட்ஜெட்டில் சேர்க்கவும் கூடாது. கணக்குப் பார்க்க வேண்டியது அடுத்த 12 மாசத்துக்குத்தான்.

எதிர்க்கட்சி செய்கிற தப்பும் ஒன்று உண்டு. 'காரே நாற்பதாயிரம்தான் போகும், அதற்கு முப்பதாயிரம் ரிப்பேரா?' என்பார்கள். ரிப்பேர் செலவைப் பழைய காரின் விலையோடு ஒப்பிடக் கூடாது. அதற்குப் பதிலாக வரப்போகிற காரின் வருஷச் செலவோடு ஒப்பிட வேண்டும்.

போட்டுப் பார்த்தேன். புதுக் கார் 7 லட்சம் என்று வையுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்களின் தேய்மானப் பட்டியல்படி முதல் வருஷ முடிவில் 15 சதவிகிதம் காலி. ஐந்தாம் வருஷ முடிவில் பாதி காலி. அதாவது, 5 வருஷத்தில் மூன்றரை லட்சம், வருஷத்துக்கு 70,000. ஐந்து லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, 5 வருஷத் தவணை என்றால் மாசம் சுமார் 10,380 ரூபாய். அதில் வட்டி மட்டும் வருஷத்துக்கு 24,500. ஆக, வண்டியை வாசலில் நிறுத்தி வைத்து வேடிக்கை பார்த்தாலே வருஷத்துக்கு 94,500 ரூபாய்! மாமனார் நோட்டின்படி போன வருஷ ரிப்பேர் 31,000.

"பாத்தீங்களா மாப்ளே!" மாமனார் ஹாரனை ஒரு தட்டு தட்டினார். ஹாரன் மட்டும் முதல் நாள் வாங்கியது மாதிரியே அடிக்கிறது.

கணக்கில் பழைய கார் ஜெயித்துவிட்டது. அந்த சந்தோஷத்தோடுதான் புதுப்பேட்டைக்குள் போனோம்.

ஸ்டார்ட்டர் விற்கிற பாய்க்கு அறுபது வயசிருக்கும். கடைக்குப் பக்கத்திலேயே ஒரு காரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி, சீட், ஒயரிங் எல்லாம் ஏற்கெனவே தனித்தனிக் குவியல். செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்கியது. இரண்டு பையன்கள் அதைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவது மாதிரி மெதுவாக இறக்கினார்கள்.

"இன்ஜின் போயிடுச்சா பாய்?" என்று கேட்டேன்.

"யார் சொன்னது? நல்ல இன்ஜின் சார். நாளைக்கே வித்துடும்" என்றார் பாய். "இன்ஜின் செத்து இங்க வர்ற வண்டி கம்மி. இன்ஜின் கெட்டா என்கிட்ட வந்து வாங்கி மாட்டிக்குவீங்க. கியர் பாக்ஸு, கதவு, ஏ.ஸி. எது கெட்டாலும் அப்படித்தான். ஆனா அடித்தளம் துருப்பிடிச்சுப் போச்சுன்னா யார்கிட்ட வாங்குவீங்க?"

பிரித்த காரின் தரையைக் காட்டினார். சல்லடையாக இருந்தது. கடல் காற்று ஒரு பக்கம், 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் இன்னொரு பக்கம். கார் நின்ற தண்ணீர் வடிந்துவிடும். கார்பெட்டுக்கு அடியில் தங்கிய ஈரமும் சேறும் தங்கியதுதான். மேலே பாலிஷ் பளபளக்க, கீழே இரும்பு மாவாகிக்கொண்டிருக்கும்.

"உங்க வண்டி எந்த வருஷம்?" என்று கேட்ட பாய், பதிலுக்குக் காத்திருக்காமல் எங்கள் காருக்கு வந்தார். டிரைவர் சீட் பக்கம் கார்பெட்டைத் தூக்கினார். மாமனார் அந்தக் கார்பெட்டை வாராவாரம் துலக்குகிறவர். தூக்கிப் பார்த்தவர் இல்லை. பாய் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்து லேசாக அழுத்தினார். வாழைப்பழத்தில் ஊசி மாதிரி இறங்கியது.

"சீட்டு போல்ட்டும் பெல்ட்டு போல்ட்டும் இந்தத் தகரத்துலதான் சார் நிக்குது. ஒட்டு வெல்டிங் வெச்சு ஓட்டலாம். எங்கயாவது முட்டினா வெல்டிங் நிக்கும், பக்கத்துத் தகரம் கிழியும்."

மாமனார் ஒன்றும் பேசவில்லை. நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். மாமியார் உட்காரும் இடம்.

"சரி, ஸ்டார்ட்டர் எவ்வளவு பாய்?" என்றார் கடைசியில்.

"வேணாம் சார். உங்க வண்டியை விட அது ரொம்ப நாள் ஓடும். வீணாப் போயிடும்."

வருகிற வியாபாரத்தை வேண்டாமென்று சொல்கிற கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் போட்ட கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இந்த ஓட்டைக்குப் பத்தி கிடையாது. ஏர்பேக்குக்கும் கிடையாது. டிரைவருக்கு ஏர்பேக் நம் நாட்டில் கட்டாயமானது 2019 ஜூலையில். 2022 ஜனவரியிலிருந்து வந்த கார்களில் முன்சீட்டு இரண்டுக்கும் உண்டு. 2006 காரில் மாமனார் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே இருப்பது பிள்ளையார் படம் மட்டும்.

திரும்பி வந்து ராத்திரி சாப்பாட்டின்போது மாமனாரே சொன்னார்: "குடுத்துடலாம் மாப்ளே." மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இன்னொரு அப்பளம் வைத்தார்.

புதுக் கார் வாங்கவில்லை. மூன்று வயசான கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். இன்ஷூரன்ஸ் பட்டியல் கணக்கில் அது 30 சதவிகிதம் தேய்ந்த கார். அந்தத் தேய்மானத்தை யாரோ ஒரு புண்ணியவான் நமக்காகச் சுமந்துவிட்டார். இரண்டு ஏர்பேக்கும் இருக்கிறது. வாங்கும் முன் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தாயிற்று!

உங்கள் வீட்டிலும் வயசான கார் இருக்கிறதா? பிறந்த வருஷத்தை விடுங்கள். மூன்றே கேள்வி. அடுத்த 12 மாச ரிப்பேர், மாற்றுக் காரின் வருஷச் செலவைத் தாண்டுமா? ராத்திரி ஒன்றரை மணிக்கு நம்பி ஏற முடியுமா? அடித்தளம் திடமாக இருக்கிறதா? முதல் கேள்வியில் தோற்றால் யோசியுங்கள். இரண்டாவதில் தோற்றால் ஸ்பேர் மாற்றிப் பாருங்கள். மூன்றாவதில் தோற்றால் பேச்சே கிடையாது, விடை கொடுங்கள்.

விடை கொடுக்கும்போது ஒரு ஜாக்கிரதை. 2021 விதிகளின்படி அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் ஒப்படைத்தால் ஒரு சர்டிபிகேட் தருவார்கள். அதைக் காட்டினால் அடுத்து வாங்கும் புதுக் காருக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. மாநில அரசு விரும்பினால் சாலை வரியிலும் 25 சதவிகிதம் வரை சலுகை தரலாம். எங்கே கொடுத்தாலும், வண்டியை உடைத்த 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் கார் பத்துக் கடையில் பத்துத் துண்டாகத் தொங்கும். போலீஸ் ரெக்கார்டில் மட்டும் முழுசாக உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்!