எரிமலையடியில் ஒரு திண்ணைப் பள்ளி

குவாத்தமாலா நாட்டின் ஆந்திகுவாவில் திசை தெரியாமல் நிற்க முடியாது. கல் பாவிய தெரு எதிலிருந்து பார்த்தாலும், கூம்பாக ஆக்வா எரிமலை தெரிகிற பக்கம் தெற்கு. மேற்கே அகாத்தெனாங்கோ, அதன் தோளோடு ஒட்டி ஃபுவேகோ. ஸ்பானிய மொழியில் ஆக்வா என்றால் தண்ணீர், ஃபுவேகோ என்றால் நெருப்பு. பெயர் வைத்தவர்கள் கற்பனை எதையும் கலக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டு வைத்த பெயர்கள்.

1541 செப்டம்பரில், அடைமழையில் ஆக்வாவின் சரிவு சேறும் பாறையுமாக இறங்கி, அடிவாரத்தில் இருந்த ஸ்பானியர்களின் தலைநகரை மூடியது. கணவர் பெத்ரோ தெ அல்வராதோ இறந்தபின் ஆளுநரான பெயாத்ரீஸ் தெ லா குவேவா, 'கொடுத்துவைக்காதவள்' என்ற பொருளில் கையெழுத்திட்டு இரண்டு நாள் ஆகியிருக்கும். ஜெபக்கூடத்தில் தஞ்சம் புகுந்தவரை அந்த வெள்ளம் கொண்டுபோனது. தப்பியவர்கள் 1543-இல் சற்றுத் தள்ளி, பாஞ்சோய் பள்ளத்தாக்கில் எழுப்பிய புது ஊர்தான் இது. இதையும் 1773 ஜூலை 29-இல் நிலநடுக்கம் சாய்த்தது. 1776-இல் தலைநகரை இப்போதைய குவாத்தமாலா நகரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். விட்டுப்போன ஊருக்கு 'பழையது' என்ற பெயர் மிஞ்சியது. ஆந்திகுவா என்றால் அதுதான்.

கைவிட்டதே ஊரைக் காப்பாற்றியது என்பது என் கணக்கு. தலைநகராகவே இருந்திருந்தால் இடித்து மாடி மேல் மாடி கட்டியிருப்பார்கள். இன்றோ கூரையில்லாத தேவாலயங்கள் விழுந்தது போக மிச்சத்தோடு நிற்கின்றன; 1979-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. முழுசாக இருப்பவையும் குட்டை, தடிமன். லா மெர்செத் தேவாலயத்தின் மணிக்கூண்டுகள் உயரப் பயந்து கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டது போல இருக்கும். மஞ்சள் நிற சாந்தா கத்தலீனா வளைவை எல்லாரும் படமெடுக்கிறார்கள். கன்னியாஸ்திரீகள் வெளியார் கண்ணில் படாமல் தெருவைக் கடக்கக் கட்டியது அது.

ஊரின் இன்றைய பிழைப்பு மூன்று: காப்பி, சுற்றுலா, வினைச்சொல். சுற்றிலும் உள்ள காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது நம் ஏற்காட்டில் பார்க்கும் அதே சில்வர் ஓக். வினைச்சொல் வியாபாரம் 1969 முதல் நடக்கிறது. உலகெங்கும் இருந்து ஸ்பானிய மொழி படிக்க இங்கே வருகிறார்கள். முற்றத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் ஆசிரியர், ஒரே மாணவர், காலையில் நான்கு மணி நேரம். நம் திண்ணைப் பள்ளியில் ஒருவன் அடி வாங்கும்போது மற்றவர்கள் மறைந்துகொள்ளலாம்; இங்கே அதற்கு வழியில்லை. மதியம், தங்கியிருக்கும் வீட்டில் கறுப்பு பீன்ஸும் சோளத் தோர்த்தியாவும் வீட்டம்மாவின் விசாரணையும். ஸ்பானியத்தில் 'ஆனால்' என்பதற்கு பெரோ, நாய்க்கு பெறோ மாதிரி ஓர் அழுத்தமான உச்சரிப்பு. ரகர றகரம் தெரிந்த நாக்குக்கு இது எளிதாக இருக்க வேண்டும். நானோ மரத்தையும் மறத்தையும் ஒன்றுபோலச் சொல்லிப் பழகியவன். முதல் வாரம் என் வாக்கியங்களில் நாய்கள் குறுக்கே ஓடியபடி இருந்தன.

சனிக்கிழமை பாடம் கிடையாது. மாணவர்கள் மலைக்குப் போவார்கள். அரை நாளில் ஏறி இறங்கப் பகாயா இருக்கிறது. நாங்கள் போனது அகாத்தெனாங்கோவுக்கு: 3,976 மீட்டர். லா சொலெதாத் கிராமத்தில் தொடங்கி, சோளக்கொல்லை, மேகக்காடு, பைன், கடைசியில் கருஞ்சாம்பல். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். வழிகாட்டிய பையன் வீட்டில் பேசுவது கக்சிக்கேல் என்ற மாயா மொழி. ஸ்பானியம் அவனும் படித்து வந்த மொழிதான் என்பதாலோ என்னவோ, நிறுத்தி நிறுத்திப் பேசினான். எனக்கு முழுதாகப் புரிந்த முதல் ஸ்பானியம் அவனுடையது. ஃபுவேகோவுக்கு அவர்கள் மொழியில் 'நெருப்பு இருக்கும் இடம்' என்று பெயர்.

இரவு கூடாரத்துக்கு எதிரே அது கால் மணிக்கொரு தரம் வெடித்தது. முதலில் வெளிச்சம்; சில நொடி கழித்து நெஞ்சுக்கூட்டில் இடிக்கும் சத்தம். செக்கச்செவேலென்று எழுந்த கற்கள் சரிவில் உருண்டு கறுத்து அணைந்தன. பசிபிக் கடலடியில் இருக்கும் கோகோஸ் தட்டு இந்த நிலத்தின் கீழே நுழையும்போது நீரையும் சேர்த்து இழுத்துப் போகிறது. அந்த நீர் பட்டுத்தான் ஆழத்துப் பாறை எளிதில் உருகுகிறது. நெருப்பு மலைக்கு உலை வைப்பதும் தண்ணீர்தான். ஒவ்வொரு வெடிப்புக்கும் நாங்கள் கைதட்டினோம். பையன் தட்டவில்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். 2018 ஜூன் 3 அன்று இதே மலையின் மறுபுறம் பாய்ந்த கனல்சாம்பல், சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்ற ஊரை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக நூற்றுக்கணக்கானோர்.

திங்கட்கிழமை, மலையில் பார்த்ததை எழுதிக்கொண்டு போனேன். ஸ்பானியத்தில் இறந்தகாலம் இரண்டு விதம். நமக்கு 'வெடித்தது', 'வெடித்துக்கொண்டிருந்தது' போல.

"1773-இல் பூமி நடுங்கியது, முடிந்தது. ஃபுவேகோ அப்படியா? என் மகள் பிறந்தபோதும் புகைந்துகொண்டிருந்தது" என்றார் ஆசிரியை. என் 'வெடித்தது'களை ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினார். நடுவில் ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்தது. நான் மேற்கே திரும்பினேன், அவர் நிமிரவில்லை. லோஸ் லோத்தெஸ் பற்றிய வரிக்கு வந்ததும் பேனா நின்றது. அங்கிருந்த 'வெடித்தது'வை மட்டும் தொடாமல் அடுத்த வரிக்குப் போனார்.