காலடிபட்ட காடு

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கை இடம் புக்கிட் தீமா குன்று. அதன் உயரம் 163.63 மீட்டர். நகர மையத்தின் வானளாவிக் கட்டடங்கள் சில அதைவிட உயர்ந்து நிற்கின்றன. இருப்பினும், அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் செல்லும் தார்ச்சாலையில் மூச்சு வாங்க ஏறுவோர் அதைச் சிறிய குன்று என்று சொல்லமாட்டார்கள். தொடக்கத்திலேயே சாலை செங்குத்தாக எழுகிறது.

காலை வேளையில் அங்கே பலவகை நடையாளர்களைக் காணலாம். கைத்தடியை ஊன்றி நிதானமாக ஏறும் மூத்தோர், தந்தையின் கையை உதறிவிட்டு முன்னே ஓடும் சிறுவர், கினபாலு போன்ற பெரிய மலைகளுக்குப் பயிற்சியாகக் கனத்த முதுகுப்பையுடன் பலமுறை ஏறி இறங்கும் இளையர் எனப் பலரும் வருகின்றனர். முழங்கால் வலிக்கு அஞ்சிச் சரிவில் பின்பக்கமாக நடந்து இறங்குவோரும் உண்டு. உச்சியை அடைந்தவர்கள் உயரம் பொறிக்கப்பட்ட பாறையருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். மரங்கள் சூழ்ந்திருப்பதால் அங்கிருந்து பரந்த காட்சி எதுவும் தெரிவதில்லை. புக்கிட் தீமாவில் பார்க்க வேண்டியவை எல்லாம் வழியிலேயே இருக்கின்றன.

மலாய் மொழியில் 'புக்கிட்' என்றால் குன்று. 'தீமா' என்றால் வெள்ளீயம். ஆனால், இந்தக் குன்றிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டதோ கருங்கல்தான்! சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் கல் கொடுத்த பழைய கல்குவாரிகள் இன்று நீர் நிறைந்த குளங்களாக மாறியிருக்கின்றன.

கல்லை இழந்தாலும் குன்று தன் காட்டை முழுவதும் இழந்துவிடவில்லை. 1854இல் இங்கு வந்த ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்னும் இயற்கை ஆய்வாளர், இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். மரம் வெட்டுவோர் சாய்த்த மரங்களும் மரத்தூளும் குவிந்த இடங்களில்தான் அவருக்கு வண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவருக்கு விருந்தாக அமைந்தது காட்டுக்கு அழிவாக இருந்தது. 1883இல் இந்த வனம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கப்பட்டது. தீவின் மற்றக் காடுகள் பெரும்பாலும் மறைந்துபோக, 160 ஹெக்டருக்குச் சற்று அதிகமான இந்த வனம் எஞ்சியது.

கோடரியிலிருந்து தப்பிய காட்டுக்குப் பின்னாளில் வந்த தொல்லை வேறு வகையானது. அது காட்டை நேசித்து வந்தவர்களின் காலணிகளிலிருந்து வந்தது.

காட்டில் மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. மரங்களின் இலைகளில் பட்டு, தரையில் மெத்தைபோல் கிடக்கும் சருகின்மீது சொட்டி, மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. ஒற்றையடிப்பாதையில் அந்தச் சருகு மிதிபட்டு நொறுங்கிவிடுகிறது. மண்ணும் இறுகிவிடுகிறது. உள்ளே இறங்க வழியில்லாத மழைநீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு சரிவில் ஓடுகிறது. மேல்மண்ணையும் அரித்துச் செல்கிறது. வேர்கள் முதியவர் கையில் புடைத்த நரம்புகளைப் போல வெளியே தெரிகின்றன. நடப்பவர்களுக்கு அவை வசதியான படிகள்! ஆனால், ஒவ்வொரு மிதியிலும் வேரின் பட்டை உரிந்து மரம் காயப்படுகிறது.

அடுத்து வருபவர் சேற்றைக் கண்டதும் காலணியைக் காப்பாற்றிக்கொள்ள ஓரமாக ஒதுங்கி நடக்கிறார். ஓரமும் சேறாகிறது. அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் தள்ளி நடக்கிறார். ஒருவர் ஒதுங்கிக் கால் வைப்பதால் காடு அழிந்துவிடாதுதான். ஆண்டுக்குச் சுமார் 4 இலட்சம் பேர் வரும் இடத்தில் அப்படி ஒதுங்கியபோது, பாதைகள் அகன்றுகொண்டே போயின. அந்த ஓரங்களில்தான் செராயா போன்ற பெருமரங்களின் கன்றுகள் நிற்கின்றன. செராயா ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இறக்கை முளைத்த அதன் கனிகள் சுழன்று சுழன்று கீழே விழுகின்றன. முளைத்த கன்று, தலைக்குமேல் ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் கிடைக்கும்வரை நிழலிலேயே பல்லாண்டு காத்திருக்கிறது. அதை மிதித்துவிட ஒரு நொடி போதும். அரித்துச் செல்லப்படும் மண்ணோ ஓடைகளைச் சென்றடைகிறது. உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாத சிங்கப்பூர் நன்னீர் நண்டு வாழ்வது இக்குன்றின் ஓடைகளிலும் வேறு மிகச் சில இடங்களிலும்தான்.

இறுதியில் 2014 செப்டம்பரில் வனப்பகுதி மூடப்பட்டது. சரிவுகள் வலுப்படுத்தப்பட்டன. தேய்ந்த படிகள் செப்பனிடப்பட்டன. சில இடங்களில் தரைக்கு மேலே உயர்த்திப் பலகைப் பாதைகள் போடப்பட்டன. பாதைகள் யாவும் முழுமையாகத் திறக்கப்பட்டபோது 2016 அக்டோபர் ஆகிவிட்டது. காட்டுக்குள் கைப்பிடிக் கம்பி எதற்கு என்று முணுமுணுப்போர் உண்டு. ஆனால், பலகையின் மேலே மனிதர் நடக்க, அடியில் மழைநீர் தடையின்றிச் செல்கிறது. சருகு சருகாகவே கிடக்கிறது. காலில் சேறு படாத நடை சிலருக்குச் சுவைக்காமல் போகலாம். காட்டுக்கு அதுவே ஓய்வு.

இதைவிட ஆழமான காயம் ஒன்று 1986இல் ஏற்பட்டது. அவ்வாண்டில் முடிந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, இந்த வனத்தை அருகிலுள்ள மத்திய நீர்ப்பிடிப்பு வனத்திலிருந்து துண்டித்தது. மறுஆண்டு, குன்றில் எஞ்சியிருந்த கடைசி ராஃபிள்ஸ் இலைக்குரங்கு நாய்களிடம் கடிபட்டு இறந்தது. மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தில் அதன் இனம் இன்னமும் வாழ்கிறது. இரு வனங்களையும் மீண்டும் இணைக்க, விரைவுச்சாலையின்மேல் ஒரு பாலம் 2013இல் கட்டி முடிக்கப்பட்டது. 62 மீட்டர் நீளமும், மிகக் குறுகிய இடத்தில் 50 மீட்டர் அகலமும் கொண்ட அதில் மண் நிரப்பி, இம்மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். பொதுமக்கள் விருப்பம்போல் அதில் நடக்க அனுமதி இல்லை. அங்கே பொருத்தப்பட்ட கேமராக்களில், அழிவின் விளிம்பில் இருக்கும் எறும்புத்தின்னி பதிவாகியுள்ளது. கீழே வாகனங்கள் விரைந்துகொண்டிருக்க, அது மேலே தன் போக்கில் மண்ணை முகர்ந்தபடி நடக்கிறது.