முயல் கொண்டுவரும் முட்டை

இல்லாத பொருளைக் குறிக்க நம் முன்னோர் ‘முயற்கொம்பு’ என்றனர். மேலைநாட்டாரோ முயலுக்குக் கொம்பு தரவில்லை, முட்டையைத் தந்திருக்கிறார்கள். ஈஸ்டர் திருநாளின் விடியற்காலையில் ஒரு முயல் வீடு வீடாகச் சென்று, வண்ணம் தீட்டிய முட்டைகளையும் சாக்லேட் முட்டைகளையும் தோட்டத்துப் புதர்களில் ஒளித்துவைத்துப் போகிறது என்பது ஜெர்மனி, அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் செய்தி. குழந்தைகள் அதை நம்புகிறார்கள். பெற்றோரும் அந்த நம்பிக்கைக்கு நீர் வார்க்கிறார்கள். முயல் வந்து போனதற்கு அடையாளமாகப் பாதி கடித்த காரட் கிழங்கை வாசலில் போட்டுவைப்பவர்களும் உண்டு.

இவ்வாறு நம்பச் செய்வது தகுமா என்னும் வினா அந்நாடுகளில் நெடுநாளாகவே இருந்து வருகிறது. நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று அங்குள்ள பள்ளிகளில் பயில்கின்றனர். ஆகவே அவ்வினா நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

முதலில் இந்த முயலின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஜார்ஜ் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கனாவ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1682-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஈஸ்டர் முட்டைகளைப் பற்றி எழுதிய நூலில் இதைக் குறிப்பிடுகிறார். முயல் முட்டையிட்டுப் புல்லிலும் புதரிலும் ஒளித்துவைக்கிறது என்று சிறுவர்க்கும் எளியவர்க்கும் சொல்லப்படுவதையும், சிறுவர் தேடியலைவதைப் பெரியவர்கள் கண்டு சிரிப்பதையும் அவர் அன்றே எழுதியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் இவ்வழக்கத்தைத் தம்முடன் கொண்டு சென்றனர். அவர்களுடைய குழந்தைகள் தொப்பியைக் கவிழ்த்துக் கூடுபோல் அமைத்து முயலுக்காகக் காத்திருந்தார்கள்.

முட்டைக்கு மட்டும் தெளிவான காரணம் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பில் முட்டை உண்பது விலக்கப்பட்டிருந்தது. கோழிகள் நோன்பு நோற்பதில்லை. அவை இட்ட முட்டைகள் குவிந்தன. நோன்பு முடிந்த நாளில் அவற்றுக்கு வண்ணமிட்டு மகிழ்ந்தார்கள். இந்த முயல் பழங்காலப் பெண்தெய்வம் ஒன்றுக்கு உரியது என்று அடித்துச் சொல்வோரும் உளர். எட்டாம் நூற்றாண்டில் பீட் என்னும் ஆங்கிலத் துறவி அத்தெய்வத்தின் பெயரைக் குறிப்பிட்டது உண்மை. ஆனால் அவர் எழுதியதில் முயலே இல்லை. முயலையும் அத்தெய்வத்தையும் இணைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர்களின் ஊகம். பிறர் வழக்கத்தை மறுக்க விரும்புவோரும் ஊகத்தை உண்மையாகச் சொல்லலாகாது. பொய்யைப் பற்றிப் பேசும்போது இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

நாட்டுக்கு நாடு முட்டை கொண்டுவருபவர் மாறுவதும் கருதத்தக்கது. பிரான்சு நாட்டில் முயலுக்குப் பதில் தேவாலய மணிகள். புனித வியாழன் முதல் அவை ஒலிப்பதில்லை. உரோமாபுரிக்குப் பறந்து சென்று, திரும்பும் வழியில் இனிப்புகளைத் தூவுகின்றன என்பார்கள். சுவிட்சர்லாந்தின் சில பகுதிகளில் குயில். ஆஸ்திரேலியாவில் 1859-இல் விடப்பட்ட முயல்கள் பெருகி வயல்களையும் காட்டுயிர்களையும் அழித்தமையால், முயலுக்குப் பதில் பில்பி என்னும் நீண்ட காதுகளையுடைய சிறு விலங்கை ஈஸ்டருக்கு உரியதாக்க முயன்று வருகிறார்கள். மணியோ குயிலோ பில்பியோ, கொண்டுவருவது எதுவாயினும் ஒளித்துவைக்கும் கை பெற்றோரின் கையே.

இனி வினாவுக்கு வருவோம். நம்பச் செய்யலாம் என்போர் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. குழந்தைப் பருவம் குறுகியது. கற்பனை அதன் உணவு. சில ஆண்டுகளில் தானே கலையும் இனிய மயக்கத்தை நாமே கலைப்பானேன் என்கிறார்கள். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று நம் வள்ளுவரே இடம் தந்திருக்கிறார் அன்றோ?

ஆராய்ச்சியாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆண்டர்சன், பிரெண்டிசு என்னும் இருவர் 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையல்லர் என்று அறிந்துகொண்ட 52 குழந்தைகளை அவர்கள் வினவினார்கள். பெரும்பாலோர் ஏழு வயதளவில் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்ததில் மகிழ்ச்சியே மிகுதி. வருந்தியவர்கள் பெற்றோர்களாம்! ஆகவே இந்தப் பொய்யால் குழந்தையின் உள்ளம் சிதைந்துபோகும் என்று அச்சுறுத்துவது மிகை. இன்னொன்றும் விளங்குகிறது. இந்த நம்பிக்கை குழந்தைகளுக்கு வேண்டியிருப்பதைவிடப் பெரியவர்களுக்கு அதிகமாக வேண்டியிருக்கிறது.

மற்றோர் ஆய்வு என்னை மேலும் சிந்திக்க வைத்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்குலின் உல்லியும் அவருடைய துணைவர்களும், முன்பு எவரும் கேட்டிராத ‘மிட்டாய்ச் சூனியக்காரி’ ஒருத்தியைப் படைத்துச் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். 2004-இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. இரவில் அவள் வந்து மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துப் போவாள் என்று சொல்லப்பட்டது. சிலருடைய வீடுகளில் பெற்றோர் அவ்வாறே பொம்மையை வைத்தார்கள். அச்சிறுவர்களுள் சற்று மூத்தவர்களிடம் அவளைப் பற்றிய நம்பிக்கை ஓங்கி நின்றது. குழந்தை பேதைமையால் நம்புகிறது என்பது நம் எண்ணம். உண்மை வேறு. நம்பத்தக்கவர் சொல்கிறார், கண்ணெதிரே சான்றும் இருக்கிறது, ஆகவே இது மெய் என்று குழந்தை முறையாகவே முடிவு செய்கிறது. அதன் அறிவு பிழைபடவில்லை. நாம் வைத்த சான்றுதான் பொய்ச் சான்று. வாசலில் கிடக்கும் அந்தப் பாதிக் காரட்டை நான் இப்போது அவ்வளவு விளையாட்டாக எண்ண இயலவில்லை.

2023-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அவ்வாண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் ஈஸ்டர். எங்களுக்கு அது ரமலான் நோன்பின் நடுப்பகுதி. பள்ளி விடுமுறை முடிந்து திரும்பிய நாளில் ஆறு வயதுப் பேரன் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் என்னருகே வந்து அமர்ந்தான்.

“நன்னா, நான் கெட்ட பிள்ளையா?” என்று கேட்டான்.

திடுக்கிட்டேன். விசாரித்தபோது செய்தி வெளிவந்தது. நல்ல பிள்ளைகளின் வீட்டுக்கு முயல் வருமாம். அவனுடைய தோழர்கள் எல்லார் வீட்டுக்கும் வந்ததாம். நம் வீட்டுத் தோட்டத்தில் அவன் காலையில் எழுந்து தேடியும் பார்த்திருக்கிறான். ஒன்றும் இல்லை. எவரிடமும் சொல்லாமல் அதை இத்தனை நாளும் நெஞ்சில் சுமந்திருக்கிறான்.

நம்பிக்கையின் இந்தப் பக்கத்தை அதைப் புகழ்வோர் எண்ணுவதில்லை. முயல் வரும் வீட்டில் அது இன்பம். வராத வீடுகளும் உண்டே! வேற்றுச் சமயத்தார் வீடு, வேலையிழந்த தந்தையின் வீடு, தாய் இரவுப் பணிக்குச் சென்ற வீடு. பரிசைத் தருபவர் பெற்றோர் என்று தெரிந்தால் குழந்தை வறுமையைப் புரிந்துகொள்ளும், வழக்கத்தின் வேறுபாட்டையும் புரிந்துகொள்ளும். தருவது எல்லாமறிந்த ஒரு முயல் என்றால், வராமைக்குக் காரணம் தானே என்றுதான் கருதும்.

நான் விடை தேடிக்கொண்டிருக்கையில் மகள் வந்து அவனைத் தன்னருகே இருத்திக்கொண்டாள். “இல்லைம்மா, அது ஒரு விளையாட்டு. உன் கூட்டாளிகளோட வாப்பாவும் உம்மாவும் பிள்ளைங்க மேலே இருக்கிற ஆசையிலே தாங்களே மிட்டாயை ஒளிச்சு வைக்கிறாங்க. முயல் வைக்குதுன்னு கதை சொல்றாங்க. நம்ம வீட்டிலே அந்த விளையாட்டு இல்லை, அவ்வளவுதான். நீ நல்ல பிள்ளைதான்” என்றாள். சற்றுப் பொறுத்து, “இதைப் பள்ளிக்கூடத்திலே போய்ச் சொல்லாதே. அவங்க வீட்டுக் கதையை அவங்க உம்மா வாப்பாதான் சொல்லணும்” என்றும் சேர்த்தாள். அவன் முகம் தெளிந்தது. ஓர் இரகசியத்தைக் காக்கும் பெரிய மனிதனாகவே எழுந்து போனான்.

ஏப்ரல் 21-ஆம் நாள் நோன்புப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து திரும்பியதும், மகள் காகிதத்தில் பொதிந்த பேரீத்தம்பழங்களையும் மிட்டாய்களையும் தோட்டத்தில் மறைத்துவைத்தாள். மறைப்பதை அவன் சன்னல் வழியே திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டும் இருந்தான்! ஆயினும் தேடும்போது அவன் போட்ட கூச்சல் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. வைத்தவர் இன்னார் என்று தெரிந்ததால் இன்பம் ஓர் இம்மியும் குறையவில்லை.

நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இரு நிகழ்ச்சிகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. இரண்டும் அபூதாவூத் தொகுப்பில் உள்ளவை. ஒரு தாய் தம் சிறு மகனை, ஒன்று தருகிறேன் வா என்று அழைத்தார். அங்கிருந்த நாயகம் அவர்கள், என்ன தர எண்ணினாய் என்று வினவினார்கள். பேரீத்தம்பழம் என்றார் தாய். ஒன்றும் தராமல் இருந்திருப்பாயாயின் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். குழந்தைதானே என்று வாய்மைக்கு அங்கே விலக்குத் தரப்படவில்லை.

மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளைப் பற்றியது. அவற்றிடையே சிறகுள்ள குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நாயகம் அவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு உண்டென்று தாங்கள் கேட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். நாயகம் அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். சிறகைப் பிய்த்தெறியச் சொல்லவில்லை. கற்பனைக்கும் பொய்க்கும் இடையே உள்ள எல்லையை இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தே நான் அறிந்துகொண்டேன். விளையாட்டில் குதிரைக்குச் சிறகு முளைக்கலாம்; முயல் முட்டையும் இடலாம். வாக்குறுதியாகவும் சாட்சியாகவும் சொல்லும் சொல் மட்டும் மெய்யாக இருக்க வேண்டும்.

இக்கருத்து நமக்கு மட்டும் உரியதன்று. அதே ஒன்ராறியோவின் ஹாமில்டன் நகரில், பெற்றோரைப் பிரிந்த இரு சிறுமியரை வளர்ப்புப் பெற்றோராக ஏற்றிருந்த கிறித்தவத் தம்பதியர், பொய் சொல்வது தம் சமய நெறிக்கு மாறு என்பதால், ஈஸ்டர் முயல் மெய் என்று அவர்களிடம் சொல்ல மறுத்தார்கள். 2016-இல் குழந்தைகள் நல அமைப்பு அச்சிறுமியரை அழைத்துச் சென்று, அவ்வளர்ப்பு இல்லத்தையும் மூடியது. வழக்கு நீதிமன்றம் சென்றது. அத்தம்பதியரின் சமய உரிமையும் மனச்சான்றின் உரிமையும் மீறப்பட்டன என்று 2018 மார்ச்சு மாதத்தில் மாநில உயர்நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முயலை நம்பச் செய்வது பெற்றோர் உரிமை எனின், நம்பச் செய்யாமையும் உரிமையே. ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையோரே அதற்காக வழக்காடினர் என்பதை நம்மவர் அறிந்துகொள்வது நல்லது.

அப்படியாயின் என் முடிவு என்ன? முயல் கதையைக் கதையாகச் சொல்லலாம். குழந்தை தானே அதில் மூழ்கித் திளைத்தால் அருகிருந்து மகிழலாம். பொய்ச் சான்று வைத்து நம்பிக்கையை வளர்த்தல் வேண்டா. ‘இது மெய்யா?’ என்று குழந்தை நேர்நின்று கேட்கும் நாளில் மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். அக்கேள்வி முயலைப் பற்றியது போலத் தோன்றும். நீங்கள் சொல்வதை நம்பலாமா என்பதே அதன் உட்பொருள். நாளை இறைவனைப் பற்றியும், மறுமையைப் பற்றியும், கண்ணுக்குத் தெரியாத பிறவற்றைப் பற்றியும் அதே குழந்தைக்கு அதே வாயால் சொல்ல இருப்பவர்கள் நாம். வள்ளுவர் தந்த இடமும் குற்றமற்ற நன்மைக்கு உரியது. நேரே கேட்கும் பிள்ளையிடம் சொல்லும் பொய்யில் அக்குற்றமின்மை இல்லை.

மேலைநாட்டாரை நோக்கி விரல் நீட்டுமுன் நம் இல்லங்களையும் எண்ணிப் பார்ப்போம். அவர்கள் முயலைச் சொல்லி மகிழ்வித்தார்கள். நாமோ சோறு உண்ணாத பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் காட்டினோம். அழும் பிள்ளையைச் சாக்குக்காரனிடம் பிடித்துக் கொடுப்பதாக மிரட்டினோம். கடைத்தெருவுக்குப் போகையில் ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று சொல்லி மாலையில் திரும்பினோம். ஆசை காட்டும் பொய்யைவிட அச்சம் காட்டும் பொய் கொடிது. முயலைக் குறித்து ஒரு முடிவெடுக்கும் பெற்றோர், அம்முடிவை முதலில் தம் வீட்டுப் பூச்சாண்டியிடமிருந்து தொடங்குவார்களாக.